மாஸ்டர் தனக்குப் போடாத சார்ட்

அந்தத் தெருவில் தையல் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். மாடிப்படிக்குக் கீழே எட்டடி அகலத்தில் ஒரு கடை. இரண்டு மெஷின், ஓரம் அடிக்கிற ஒரு ஓவர்லாக், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. பெண்களுக்குத் தைப்பவர்கள் அதே தெருவில் நான்கு பேர் இருந்தார்கள். அக்கா தைத்தது வேறு மாதிரி ஆட்களுக்கு. கழுத்து பதினெட்டு அங்குலம், இடுப்பு முப்பது, கை ஒவ்வொன்றும் தொடை கனம். இப்படிப்பட்ட உடம்புக்கு ரெடிமேட் சட்டை எங்கே கிடைக்கும்? தோளுக்குச் சரியாக இருந்தால் வயிற்றில் கூடாரம் போட்ட மாதிரி நிற்கும். வயிற்றுக்குச் சரியாக இருந்தால் கை நுழையாது. மாடியில் இருந்த ஜிம்மிலிருந்து அவர்கள் வியர்வை காய்வதற்குள் இறங்கி வந்து, "அக்கா, மறுபடியும் டைட் ஆயிடுச்சு" என்று பாதி வெட்கமும் பாதி பெருமையுமாக நிற்பார்கள். அவள் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறித் தோளை அளப்பாள்.

ஜிம்மை நடத்திய மாஸ்டர் அவள் புருஷன்.

இரண்டு பேருக்கும் பழக்கமே ஒரு சட்டையால் வந்ததுதான். அப்போது அவர் மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில் குமாஸ்தா. ஒரே சட்டையை ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்து, கை பிரித்துவிடச் சொன்னார். "துணி சுருங்குதா, நீங்க ஊதுறீங்களா?" என்று அவள் கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வருஷம் கல்யாணம். அவரோடு கடைத்தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் பிடித்திருந்தது என்பது நிஜம்.

குமாஸ்தா வேலையை விட்டு ஜிம் தொடங்கிய மாஸ்டருக்கு ஊர் வைத்த பேர் சார்ட் மாஸ்டர். மற்ற ஜிம்களில் பையன்கள் உடம்பு ஏற வேண்டும் என்று கணக்கில்லாமல் எதையோ குத்திக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய் விழுவார்கள். இவரிடம் அந்தப் பேச்சே கிடையாது. பெரிய கட்டம் போட்ட தாளை மேஜையில் விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். சிவப்புப் பென்சில் ஹார்மோன் ஊசி போடுகிற வாரம். நீலம் மாத்திரை. பச்சை ஓய்வு. கறுப்புப் புள்ளி வைத்த நாளில் ரத்தம் கொடுத்தே ஆக வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். ஹார்மோன் எவ்வளவு, ரத்தம் எவ்வளவு கெட்டி, ஈரல் என்ன சொல்கிறது, எல்லாம் அந்தத் தாளில் ஏறும். எண் கொஞ்சம் தப்பினாலும், "நீ மூணு மாசம் சும்மா இரு, இல்லேன்னா இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லிவிடுவார். இத்தனை வருஷத்தில் தன்னிடம் வந்த ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆனதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். கல்யாணமான புதிதில் அவர் கையில் ஊசியைப் பார்த்து அவள் பயந்தபோதும் அதையேதான் சொன்னார். "நான் கண்ண மூடிக்கிட்டுப் போடுறவன் இல்ல. எல்லாம் கணக்கோட." அவ்வளவு சுத்தமாகக் கோடு போடுகிற மனிதரை எப்படி நம்பாமல் இருப்பது?

குழந்தை வரவில்லை.

முதல் இரண்டு வருஷம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. மூன்றாவது வருஷம் மாமியார் ஆரம்பித்தாள். "மெஷின மிதிச்சு மிதிச்சு அடிவயிறு சூடாயிடுச்சு" என்றாள். அக்கா மெஷின்களுக்கு மோட்டார் மாட்டினாள். "ராத்திரி பகலா குனிஞ்சே உக்காந்திருந்தா எப்படித் தங்கும்?" என்றாள். அக்கா கல்யாணத் தையல் வேலைகளைத் திருப்பி அனுப்பினாள். கடைசியில் டாக்டரம்மாவிடம் போனார்கள். டாக்டரம்மா முதல் நாளே, "வீட்டுக்காரர் ஏதாவது மருந்து எடுக்கிறாரா?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் மாஸ்டர். அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். மேஜைக்குக் கீழே அவர் அவள் கையை அழுத்தினார். ஆணழகன் போட்டிக்குப் போகிறவர், வெளியே தெரிந்தால் பேர் கெடும், அதற்காகச் சொல்லவில்லை போல என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் அவருடைய பரிசோதனை ரிப்போர்ட்டும் வந்தது. எல்லாம் நார்மல்.

அப்புறம் குறை அவளிடம்தானே இருக்க வேண்டும்?

ஐந்து வருஷம். முட்டை வளர மாத்திரை. வயிற்றில் தினமும் ஊசி. ஒரு தடவை மருந்து அளவு மீறி வேலை செய்து, வயிறு உப்பி, மூச்சுவிட முடியாமல் நான்கு நாள் படுக்கை. தொப்புளுக்குள் ஒன்றும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றுமாக மூன்று இடத்தில் துளை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை என்று சொன்னார்கள். "காரணம் தெரியலம்மா, சில பேருக்கு இப்படி இருக்கும்" என்றாள் டாக்டரம்மா. காரணம் தெரியாத குறை என்றால் அதை என்ன செய்வது? தன் உடம்பை ஒரு திருட்டுப் பெட்டியைப் பார்க்கிற மாதிரி பார்க்கத் தொடங்கினாள். உள்ளே எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு சொல்லமாட்டேன் என்கிறது என்று.

அப்படி இருக்கும்போது ஒருநாள் காலை பத்தரை மணிக்கு வெல்டர் கடைக்கு வந்தான்.

கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டர். மாஸ்டரிடம் ஆறு வருஷம் பழகியவன். அவனோடு அவன் மனைவி, அவள் இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை. தோளில் ஒரு பை நிறையப் பழைய சட்டைகள். "எல்லாத்தையும் பிடிச்சுக் குடுங்கக்கா. போட்டா அண்ணன் சட்டைய தம்பி போட்ட மாதிரி இருக்கு" என்று சிரித்தான்.

அக்கா குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஸ்டூலை இழுத்தாள். ஏற வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்குத் தோள் இறங்கியிருந்தது. கையை அளந்தாள். மூன்று அங்குலம் போயிருந்தது.

"என்னப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் பல்லிடுக்கில்.

"ஐயோ, நல்லா இருக்கேன்க்கா. மாஸ்டர் சொல்லலையா? ஊசி, மாத்திரை எல்லாத்தையும் விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு."

"ஏன்?"

வெல்டர் முகவாயால் குழந்தையைக் காட்டினான். "இவளுக்காகத்தான். மாஸ்டர் ஒரே பிடியா நின்னுட்டாரு. 'டேய், வெளிய இருந்து ஹார்மோன ஏத்திக்கிட்டே இருந்தா, உள்ள இருக்கிற ஃபேக்டரி நமக்கு வேலை இல்லன்னு கதவச் சாத்திடும். விதை நின்னு போயிடும். புள்ள வேணும்னா மொதல்ல இத விடு, டாக்டரப் பாரு'ன்னாரு. எனக்குன்னு தனிச் சார்ட்டே போட்டுக் குடுத்தாருக்கா. முழுக்கப் பச்சை."

அவன் மனைவி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டே சொன்னாள். "மாஸ்டர் மட்டும் இல்லேன்னா என்னையில்ல ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்திருப்பாங்க. குறை என்கிட்டன்னே எங்க வீட்ல எல்லாரும் முடிவு கட்டியிருப்பாங்க. அவரு நல்லா இருக்கணும்க்கா."

தையல் அக்கா உதட்டில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். ஆறு ஊசி. அப்புறம் சாக்பீஸை எடுத்துச் சட்டையில் கோடு போட்டாள். கோடு எங்கேயோ போயிற்று. "நாளைக்கு வந்து வாங்கிக்கப்பா" என்றாள். அவர்கள் தெருமுனை திரும்புகிற வரை நின்று பார்த்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடி ஏறினாள்.

பதினோரு மணிக்கு மேல் ஜிம்மில் ஆள் இருக்காது. மாஸ்டர் ஜன்னலோர மேஜையில் குனிந்து யாருக்கோ சார்ட் போட்டுக்கொண்டிருந்தார். அவள் செருப்போடு உள்ளே வந்ததைப் பார்த்து ஆச்சரியமாக நிமிர்ந்தார். அந்த ரப்பர் தரையில் செருப்போடு யாரும் வருவதில்லை.

"விதை நின்னு போயிடுமா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"ஊசி போட்டுக்கிட்டே இருந்தா. வெல்டர்கிட்ட சொன்னீங்களாமே."

மாஸ்டர் பென்சிலைக் கீழே வைத்தார். அது உருண்டு விழுந்தது. எடுக்கவில்லை.

"அவன் எப்ப வந்தான்?"

"அது இப்ப முக்கியமா? எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க ரிப்போர்ட் நார்மல்னு வந்துச்சே. அது எப்படி வந்துச்சு?"

இல்லை என்று ஏதாவது சொல்வார், வெல்டர் உளறுகிறான் என்பார், தன் கணக்கு வேறு என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது சொன்னால் நம்பிவிடவும் தயாராக இருந்தாள் என்பதுதான் கொடுமை. ஆனால் மாஸ்டர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"லேப் வெச்சிருக்கிறவன் நம்மகிட்ட வர்றவன்தான். கேட்டேன். அடிச்சுக் குடுத்தான்."

அவள் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே யாரோ கழற்றாமல் விட்டுப்போன இரும்புத் தட்டுகள்.

"அப்ப நீங்க நெசமாவே டெஸ்ட் எடுக்கவே இல்லையா?"

"எடுக்கல. என்ன வரும்னு தெரியும்."

"தெரியும்." அந்த வார்த்தையை அவள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "தெரிஞ்சுக்கிட்டே என் வயித்துல ஓட்டை போட வெச்சீங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அழுதீங்கன்னு நர்சு வந்து சொன்னாங்க. 'உங்க வீட்டுக்காரர் மாதிரி யாருக்கு அமையும்'னாங்க. எதுக்குங்க அழுதீங்க?"

"அதுக்குத்தான் அழுதேன்."

அவள் கத்தவில்லை. கத்துவதற்குக் கூட உள்ளே ஒரு ஆள் வேண்டும். அந்த நேரத்தில் அவளுக்குள் யாருமே இல்லாத மாதிரி இருந்தது.

மாஸ்டர் பேச ஆரம்பித்தார். கல்யாணமான நாலாம் வருஷம் ஒருதடவை நிறுத்திப் பார்த்தாராம். விஷக்காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியவில்லை என்று அவர் படுத்துக்கிடந்த நாற்பத்திரண்டு நாள் அதுதான். உடம்பு காற்றுப்போன ட்யூப் மாதிரி ஆயிற்று. காரணமில்லாமல் அழுகை வந்தது. செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றியது. படிக்கட்டில் இரண்டு பையன்கள், "மாஸ்டர் காலி" என்று பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. நாற்பத்து மூன்றாம் நாள் மறுபடி போட்டுக்கொண்டார். அடுத்த போட்டி முடிந்ததும் விடலாம், அடுத்த போட்டி முடிந்ததும் விடலாம் என்று வருஷம் ஓடிவிட்டது.

அந்த நாற்பத்திரண்டு நாளும் அவள் கடையைச் சாத்திவிட்டு அவருக்குக் கஞ்சி ஊட்டியிருந்தாள்.

"சொல்லியிருக்கலாமே. அப்பவே சொல்லியிருந்தா நான் உங்கள விட்டா போயிருப்பேன்?"

"நீ போக மாட்டே. ஆனா பாத்திருப்பே. நான் ஒண்ணுமில்லாம இருக்கிறத."

அவள் படி இறங்கினாள். அன்று தைத்த எல்லாவற்றையும் மறுநாள் பிரிக்க வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்து ஆண்களுக்கான டாக்டர் ஒருவரிடம் போனார்கள். அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். "இந்த தடவை டெஸ்ட் நான் பாக்கிற எடத்துல எடுக்கணும்" என்றாள். மாஸ்டர் பதினோரு வருஷத்துச் சார்ட்டுகளையும் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஊரெல்லாம் ஹார்மோனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற மனிதர், அந்த நாற்காலியில் பாடம் படிக்காமல் வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "உயிரணு ஒண்ணுகூட இல்லை" என்றார். "குறைவுன்னு சொல்றதுக்குக்கூட வழியில்ல. மூளையில இருந்து விதைப்பைக்குப் போற உத்தரவு மொத்தமா நின்னிருக்கு. ரத்தமும் ரொம்பக் கெட்டியா இருக்கு. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா, குழந்தையப் பத்திப் பேச நீங்களே இருந்திருக்க மாட்டீங்க."

பிறகு சார்ட்டுகளை ஒவ்வொன்றாக விரித்தார். நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா எழுதி வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் தன்னக் கெடுத்துக்கிட்டத நான் பாத்ததில்ல" என்று மெல்லச் சொன்னார்.

அவளும் எட்டிப் பார்த்தாள். மற்றவர்களுக்குப் போட்ட தாள்களில் தோட்டம் மாதிரி பச்சை இருக்கும். இதில் இல்லை. சிவப்பு முடிகிற இடத்தில் இன்னொரு சிவப்பு. கடைசிச் சார்ட்டுக்கு முந்தினதில் ஒரு தேதியில் அவள் கண் நின்றது. அவளுக்கு ஆபரேஷன் நடந்த நாள். அந்தக் கட்டத்திலும் சிவப்பு. பக்கத்தில் போட்டாயிற்று என்பதற்குச் சின்னதாக ஒரு டிக்.

"அன்னிக்குமா?" என்றாள்.

மாஸ்டர் பார்த்தார். அவருக்கே ஞாபகம் இல்லை. முகம் வெளுத்துப்போயிற்று. "அன்னிக்குமா?" என்று அவரும் அதையேதான் சொன்னார், யாரோ வேறொருவன் செய்ததைக் கேட்கிற மாதிரி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒன்றுதான் கேட்டாள். "அத்தைகிட்ட நீங்களே சொல்லணும். என் முன்னாடி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்திருந்தபோது மாஸ்டர் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, லேப்காரன் அடித்துக் கொடுத்ததையும் சேர்த்து. கிழவி கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் மகனை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"அவன்தான் புத்தியில்லாம பண்ணிட்டான். கூடவே இருந்தியே, நீயாவது பாத்துத் தடுத்திருக்கக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே சிரித்தாள், நிறுத்த முடியாமல். எட்டு வருஷம் சுற்றிவிட்டு, உண்மை வெளியே வந்த பிறகும், குறை கச்சிதமாக அவள் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டதே!

"அம்மா!" மாஸ்டர் போட்ட சத்தத்தில் அடுப்படியில் பாத்திரம் அதிர்ந்தது. "இனிமே அவளப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. இத்தன வருஷம் நீ பேசினத எல்லாம் என்னப் பாத்துப் பேசியிருக்கணும். நான் கேட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

அவர் அம்மாவிடம் குரல் உயர்த்தி அவள் பார்த்தது அதுவே முதல் தடவை. ரொம்பத் தாமதம் என்று தோன்றியது. ஆனாலும் காதுக்கு நன்றாகவே இருந்தது.

டாக்டர் மேற்பார்வையில் ஊசி எல்லாம் நின்றது. படிப்படியாகத்தான் நின்றது, கூடவே மருந்தும் இருந்தது. இருந்தும் மாஸ்டர் கரைந்தார். முதல் மூன்று மாதம் பகலிலும் போர்வைக்குள் கிடந்தார். அக்கா கடையைச் சாத்தவில்லை. மத்தியானம் மேலே போய்ச் சாப்பிட்டாரா என்று பார்ப்பாள், மாத்திரை போட்டாரா என்று பார்ப்பாள், இறங்கிவிடுவாள். உட்கார்ந்து ஊட்டவில்லை. அதற்கு மனசு வரவில்லை. சார்ட் போடுவதை அவர் விட்டதும் பாதிப் பேர் வேறு ஜிம்முக்குப் போனார்கள். அவர் உடம்பைப் பார்த்து மிச்சப் பேரும் போனார்கள். லேப்காரன் ஒருநாள் வந்து மன்னிப்புக் கேட்டான். அவள், "எனக்குச் சொன்னது போதும். இன்னும் எத்தன பேருக்கு அடிச்சுக் குடுத்தியோ அவங்க வீட்டுக்கெல்லாம் போ" என்றாள். அவன் அந்தப் பக்கம் மறுபடி வரவில்லை.

வெல்டர் மட்டும் வந்துகொண்டிருந்தான். அவன்தான் மாஸ்டரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கீழே கூட்டிவந்து நடக்க வைத்தான். விஷயம் அவனுக்குத் தெரிந்தபோது கடை வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். "எனக்குப் பச்சை போட்ட கையாக்கா தனக்குச் சிவப்பு போட்டுக்கிச்சு?" என்றான்.

இருபது மாதம் கழித்து ரிப்போர்ட்டில் உயிரணு எண்ணிக்கை வந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் வந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டார். இனி முயற்சி செய்யலாம், ஆனால் அவளுக்கு வயசு முப்பத்தொன்பது, அதனால் அவளும் மறுபடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். மாஸ்டர் அவளைப் பார்த்தார். தாடையெலும்பு தெரிகிற, சாதாரணச் சட்டை சாதாரணமாகப் பொருந்துகிற ஒரு மனிதர்.

அவள் வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

"நான் போட்டுக்க மாட்டேங்க."

"யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. வேணும் வேணும்னு நான் தவிச்ச வருஷமெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டீங்க. இப்ப எனக்கு வேணுமான்னு கேட்டா, வேணாம்னு இருக்கு. இனிமே இந்த உடம்புல யாரும் ஊசி குத்த நான் விடப்போறதில்ல."

மாஸ்டர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, மறைக்கவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் ஃபைலோடு காத்திருந்த ஒரு இளம் தம்பதி பேச்சை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தார்கள்.

அவர்கள் பிரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஜிம்மில் இப்போது மூட்டுவலிக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் வருகிறார்கள். மாஸ்டர் அவர்களுக்கு உட்கார்ந்து எழக் கற்றுக்கொடுக்கிறார். சில நாள் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். சில நாள் சாப்பாட்டின் நடுவில் அவள் தட்டில் கையை வைத்தபடியே நின்றுபோய், எதிரே இருப்பவர் யார் என்று தெரியாத மாதிரி அவரைப் பார்க்கிறாள். அப்போது மாஸ்டர் தானும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அவள் மறுபடி கையை எடுக்கும் வரை காத்திருக்கிறார்.